வழியும் சுமையும்
(இரட்சணிய யாத்திரிகம் பற்றிய ஒரு திறனாய்வு)

வழிநடையைப் பாடுபொருளாகக் கொள்வது தமிழுக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படை நூல்களே. வள்ளலிடம் பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்ப்படுபவனுக்கு வழி கூறி அனுப்புதல் அவற்றின் அமைப்பு. திருமுருகாற்றுப்படையோ அவ்வமைப்பை உலகியற் பரிசிலினின்றும் உயர்த்தி, வீடுபேறு நாடும் நெஞ்சிற்கு உரியதாக்கியது. பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் இம்மரபு இருந்தமையால்தான், பிற்காலத்தில் ஓர் ஆங்கில நூலின் வழிப்போக்கன் தமிழ் மண்ணில் கால் வைத்தபோது அவன் அயலானாகத் தோன்றவில்லை. அவ்வழிப்போக்கனே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தின் தலைவன்.

அந்தமானில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு 'வழி' என்னும் சொல் வெறும் உருவகம் அன்று. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, ஏறக்குறைய மூன்று நாள் கடல்மேல் இருந்து, இத்தீவில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே நம்முட் பலர். நாம் எங்கிருந்து வந்தோம், எதற்காக இங்கு இருக்கிறோம், முடிவில் எங்கே போகிறோம் என்னும் மூன்று வினாக்களும் தத்துவ நூல்களில் மட்டும் எழுவன அல்ல. ஊரிலிருந்து ஓர் இறப்புச் செய்தி வந்து, கப்பலும் விமானமும் உரிய நேரத்திற் கிட்டாத நாளில், ஜங்லிகாட்டின் எந்த வீட்டுத் திண்ணையிலும் அவை எழும். அவ்வினாக்களுக்கு ஒரு கிறித்தவப் புலவர் அளித்த விடையை, கிறித்தவ நம்பிக்கையில் வளர்ந்த ஒரு வாசகர் என்ற முறையிலும், இலக்கியச் சுவை நாடும் தமிழர் என்ற முறையிலும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே ஆண்டின் இரு பயணங்கள்

கிருஷ்ணபிள்ளை 1827ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். இளமையிலேயே கம்பனைக் கற்றவர். சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விநிலையத்தில் தமிழாசிரியராக அமர்ந்தவர். தம்மைச் சூழ்ந்திருந்த புதிய சமயத்தை அவர் எளிதில் ஏற்றுக்கொண்டாரல்லர். நெடுநாள் ஐயுற்றும், எதிர்த்தும், படித்தும், நண்பரோடு வாதிட்டும், முடிவில் 1858 ஏப்ரலில் சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார்.

அதே 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான் டாக்டர் வாக்கர் என்பார் இருநூறு கைதிகளோடு இத்தீவில் வந்திறங்கித் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கினார். ஒருவர் விரும்பி நீரிற் புகுந்தார். இருநூற்றுவர் விலங்கோடு 'காலாபானி' கடந்தனர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே காரணத் தொடர்பு எதுவும் இல்லை. எனினும் இத்தீவில் இருந்து அக்காப்பியத்தைப் படிக்கும்போது இரண்டையும் சேர்த்து எண்ணாதிருத்தல் இயலவில்லை. சாதியும் சுற்றமும் வீடும் ஒரு நாளில் அறுந்துபோதல் என்பது இரு திறத்தாருக்கும் பொதுவாயிற்று. கைதியின் இழப்பு வலிந்து சுமத்தப்பட்டது. கவிஞரின் இழப்பு தேர்ந்து ஏற்கப்பட்டது. தேர்ந்து ஏற்ற இழப்பே காப்பியத்திற்குப் பொருளாகும்.

அவர் காப்பியத்திற்கு மூலமான நூலும் சிறையோடு உறவுடையதே. ஜான் பனியன் (1628–1688) பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளர். அரசின் இசைவின்றிச் சமயச் சொற்பொழிவு ஆற்றிய குற்றத்திற்காகப் பெட்போர்டுச் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தவர். அவருடைய 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' முதற்பாகம் 1678இல் வெளிவந்தது. முதுகிற் பெருஞ்சுமையோடு ஒருவன் அழிவுக்குரிய ஊரை விட்டு ஓடுகிறான், சேற்றில் விழுகிறான், சிறுவாயிலைக் கடந்து சிலுவையடியிற் சுமை நீங்கப் பெறுகிறான், பின்னும் மலையும் பள்ளமும் சந்தையும் சிறையும் கடந்து, முடிவில் ஓர் ஆற்றைத் தாண்டி வான்நகர் புகுகிறான். கதை இவ்வளவே. ஆனால் உழைக்கும் மக்களின் அன்றாடப் பேச்சில் அது எழுதப்பட்டமையால், விவிலியத்திற்கு அடுத்தபடியாக ஆங்கிலக் குடிசைகளில் இடம்பெற்ற நூலாயிற்று.

வழிநூலின் இலக்கணம்

முதனூலை ஒட்டி எழும் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காகப் பகுத்தார் தொல்காப்பியர். கிருஷ்ணபிள்ளையின் நூல் இவற்றுள் மொழிபெயர்ப்பைச் சார்ந்ததன்று. சிலவற்றைச் சுருக்கியும் சிலவற்றைப் பெருக்கியும் அமைந்தமையால் அது தொகைவிரியே என்பது நம் துணிபு. 'நற்போதகம்' என்னும் திங்களிதழிற் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலுருப் பெற்ற இக்காப்பியம், ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என ஐந்து பருவங்களையும் 3766 பாடல்களையும் உடையது.

பருவப் பகுப்பும், நாடு நகர வருணனையும், விருத்தப்பாவின் நடையும் கம்பனிடம் பயின்ற கையைக் காட்டுகின்றன. 'கிறித்தவக் கம்பர்' என்று அறிஞர் அவரைப் போற்றியதும் இதுபற்றியே. எனினும் புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்வது திறனாய்வாகாது. பனியனின் நூலைச் சிற்றூர்ப் பாட்டி ஒருத்தி கேட்டுப் புரிந்துகொள்வாள். கிருஷ்ணபிள்ளையின் நூலுக்கு உரை வேண்டும்; ஆசிரியர் வேண்டும். எளியோருக்காக எளியவர் சிறையிலிருந்து எழுதிய கதை, தமிழில் புலவர் அவைக்குரிய காப்பியமாக உயர்ந்தபோது, தன் முதல் வாசகர்களை வாயிற்படியிலேயே விட்டுவிட்டது. இவ்விழப்பை மறைத்துப் பேசுதல் நூலுக்கும் நன்றன்று. அந்நாளைய புலவருலகம் கிறித்தவ நூல்களின் தமிழ்நடையை எள்ளி நகையாடியது என்பதை நினைவிற்கொண்டால், அவர் ஏன் உயர்நடையைத் தேர்ந்தார் என்பது விளங்கும். விளங்குவதனால் இழப்பு இழப்பாகாமற் போகாது.

இதற்கு ஒரு மாற்றும் அந்நூலுள்ளேயே உண்டு. காப்பியத்தின் இடையிடையே அமைந்த தேவாரப் பதிகங்களில் புலவரின் குரல் தாழ்ந்து, மன்றாடும் ஓர் ஆளின் குரலாகிவிடுகிறது. அங்கே கம்பனை விட ஆழ்வாரும் நாயன்மாரும் அருகில் நிற்கின்றனர். பதிகப் பாட்டைக் கேட்டுப் பழகிய தமிழ்ச்செவி, சமயம் எதுவாயினும், அவ்விடத்தில் தன் வீட்டு மொழியைக் கேட்டதுபோல் உணரும். காப்பியத்தின் தோள்வலிமையை விருத்தங்களிற் காண்கிறோம். அதன் நெஞ்சத்துடிப்பையோ பதிகங்களிற் கேட்கிறோம்.

சுமை யாது?

காப்பியம் முழுவதும் விரவி நிற்கும் உட்பொருளைப் பாவிகம் என்பர் அணிநூலார். இக்காப்பியத்தின் பாவிகம் 'சுமை இறங்கும்' என்பதே. இவ்விடத்தில் தமிழ் வாசகர் ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டியுள்ளது.

தமிழ்ச் சிந்தனையில் சுமை என்பது வினை. அது பிறவிதோறும் தொடர்ந்து வருவது. நுகர்ந்தோ அருளாலோ கழிப்பது. பனியனின் சுமையோ ஒரு பிறவியில் உணரப்பட்ட பாவத்தின் பாரம். சிலுவையடியில் அது கட்டவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் வீழ்ந்து மறைகிறது. வைணவராகப் பிறந்து சரணாகதிக் கோட்பாட்டைக் கேட்டு வளர்ந்த கிருஷ்ணபிள்ளைக்கு, அருளால் சுமை இறங்குதல் என்பது முற்றிலும் அயற்கருத்தாக இருந்திராது. அவருக்குப் புதியதாய் இருந்தது, அச்சுமையை இறைவனே தன் தோளில் ஏற்றுத் துன்புற்றான் என்னும் செய்தி. அவரது கவிதையின் தனிச்சிறப்பு இவ்விரண்டும் சந்திக்கும் இடத்திலே பிறந்தது என்று நாம் கருதுகிறோம்.

ஆனால் சுமை ஒருவகையே உடையதா? குற்றத்தின் சுமை ஒன்று; குற்றமில்லாத துன்பத்தின் சுமை மற்றொன்று. முதற்சுமைக்கு இக்காப்பியம் நிறைவான விடை கூறுகிறது. இரண்டாவதற்கு?

ஜங்லிகாட்டில் ஞாயிறு மாலைகளில் நாம் சிலர் கூடித் தமிழ் நூல் படிப்பது வழக்கம். சைவரும் வைணவரும் கிறித்தவரும் அக்குழுவில் உண்டு. இரட்சணிய யாத்திரிகத்தைச் சில வாரங்கள் தொடர்ந்து படித்தபோது, மீன்துறைக்கு அருகே குடியிருக்கும் பெரியவர் ஒருவர், பாட்டு முழுவதையும் பொறுமையோடு கேட்டுவிட்டு, "பாவம் செய்தவன் சுமை இறங்கியது, நல்லது, ஐயா. அலையிற் போன பச்சைக் குழந்தை எந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு வந்தது?" என்று கேட்டார். அவர் கேட்டது வாதத்திற்காக அன்று. அறையில் இருந்த எவரும் உடனே வாய் திறக்கவில்லை.

அவர் குறித்த நாள் 2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் காலை. நிக்கோபார்த் தீவுகளில் முந்திய இரவின் விழாப்பாடல்கள் ஓய்ந்து சில மணி நேரமே ஆகியிருந்தது. கார் நிக்கோபாரிலும் கச்சாலிலும் கடலோர ஊர்கள் துடைத்தெறியப்பட்டன. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் மட்டும் இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறக்குறைய 3500 பேர். தென் அந்தமான் நிலமே ஒரு மீட்டர் அளவிற்குத் தாழ்ந்தது. ஜங்லிகாட் துறையில் நீர் ஏறிற்று. சிப்பிகாட் வயல்களில் உப்புநீர் புகுந்து தங்கிவிட்டது. அதே காலையில் தாய்நாட்டின் வேளாங்கண்ணியில், விழாவுக்கு வந்த யாத்திரிகர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். 'யாத்திரிகர்' என்னும் சொல்லையே தலைப்பிற் கொண்ட ஒரு நூலைப் படிக்கும்போது, கடவுளைத் தேடிச் சென்ற வழியிலேயே கடல் கொண்ட அந்த யாத்திரிகர்களை மறந்துவிட்டு நயம் பாராட்டுதல் நம்மால் இயலாது.

காப்பியத்தின் மௌனம்

1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் திருநாளன்று, மக்கள் கோயில்களிற் கூடியிருந்த வேளையில் லிசுபன் நகரம் நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் அழிந்தது. பிரெஞ்சு அறிஞர் வால்டேர் அதுபற்றி ஒரு கவிதை இயற்றி, 'எல்லாம் நன்மைக்கே' என்று பேசிய தத்துவவாதிகளை வினவினார். அதற்கும் நெடுங்காலத்திற்கு முன்னரே, விவிலியத்தின் யோபு நூல் இவ்வினாவை எழுப்பியது. மக்களையும் செல்வத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்த யோபுவிடம், 'நீ ஏதேனும் பாவம் செய்திருப்பாய்' என்று நண்பர்கள் வாதிடுகின்றனர். நூலின் முடிவில் இறைவன் கண்டிப்பது கதறிய யோபுவை அன்று. விளக்கம் கூறிய நண்பர்களையே. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர் வினவியபோது, இயேசு அவ்விரண்டையும் மறுத்தார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. ஆகவே துன்பத்திற்குக் கணக்குப்புத்தகம் திறக்கும் வழக்கத்தைக் கிறித்தவ மறையே தடுத்து நிறுத்துகிறது.

இரட்சணிய யாத்திரிகத்தில் யோபுவின் குரல் போதிய அளவு ஒலிக்கவில்லை என்பது நம் குறை. வழியில் வரும் இடர்களெல்லாம் யாத்திரிகனைச் சோதிக்கவோ திருத்தவோ வருவனவாகவே அமைகின்றன. அவனுடைய துணைவன் நிதானி மாயச் சந்தையில் கொலையுண்பதும், நம்பிக்கைக்காக உயிர் ஈந்த வீரமரணமே. எதற்காகவும் அன்றி, எவரையும் திருத்தாது, வெறுமனே நிகழும் சாவுக்கு உருவகக் கதையில் இடமில்லை. ஏனெனில், உருவகக் கதையில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பொருள் இருந்தாக வேண்டும். பொருளற்றது போல் தோன்றும் ஒன்றை அதற்குள் வைத்தால் கட்டடம் முழுவதும் ஆட்டங்காணும். இது கிருஷ்ணபிள்ளை ஒருவரின் குறையன்று. அவர் தேர்ந்த இலக்கிய வகையின் எல்லை.

எனினும், பனியனிடம் இல்லாத ஒன்றைக் கிருஷ்ணபிள்ளை சேர்த்தார். அதுவே நம் பெரியவரின் வினாவுக்கு மிக அருகில் வருவது. பனியனின் யாத்திரிகன் சிலுவையைக் காண்கிறான், சுமை விழுகிறது, மேலே நடக்கிறான். சில வரிகளில் அது முடிந்துவிடுகிறது. கிருஷ்ணபிள்ளையோ கதையை அங்கே நிறுத்தி, குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை விரித்துப் பாடுகிறார். காட்டிக்கொடுக்கப்படுதல், கட்டப்படுதல், ஏளனம், அடி, இறப்பு ஆகிய அனைத்தும் கண்முன் நிகழ்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூலிலும் இடம்பெற்ற ஒரு பகுதியில், அவரைப் பிணித்தது கயிறு என்று எண்ண வேண்டா, தம்மைப் பகைத்தோர் மேலும் அவர் கொண்ட அன்பே அவரைப் பிணித்தது என்னும் கருத்தைப் புலவர் அமைக்கிறார். அறுத்தெறியும் ஆற்றல் உடையவர் அறுக்காது நின்றார் என்பது அதன் உட்கிடை.

கதையமைப்பு நோக்கிப் பார்ப்பவர் இதனை அளவு மீறிய இடைச்செருகல் எனக் கூடும். யாத்திரிகன் நெடுநேரம் காணாமற் போய்விடுகிறான் என்பதும் உண்மையே. ஆயினும், இது காப்பியத்தின் குறையன்று, உயிர்நிலை என்பது நம் முடிபு. துன்பம் ஏன் என்னும் வினாவுக்கு இப்பருவம் விளக்கம் தரவில்லை. குற்றமற்ற ஒருவர் துன்புறுவதையும், அத்துன்பத்துள் இறைவனே இருப்பதையும் காட்டிவிட்டு அமைகிறது. விளக்கம் வேண்டுவோர்க்கு இது விடையன்று. துணை வேண்டுவோர்க்கு இதனினும் பெரிய விடை நாம் அறிந்த கிறித்தவ இலக்கியத்தில் இல்லை. நம் நம்பிக்கையும் இவ்வளவே: அலையை அனுப்பியவர் என்று இறைவனை நாம் கண்டதில்லை, அலைக்குள் இருந்தவர் என்றே சிலுவை நமக்குக் காட்டுகிறது. அப்பெரியவரிடம் நாம் கூறியதும் இதுவே. அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்து, "அப்படியானால் அவரும் நம்மோடு அழுதவர்" என்றார். அவர் சமயம் அவரிடமே இருந்தது. எங்கள் படிப்பும் தொடர்ந்தது.

வாயிலில் நின்றவன்

இன்னொரு வினா நம் போன்ற கலந்து வாழும் மக்களுக்குத் தவிர்க்க இயலாதது. பனியனின் கதை முடிவில் அறியாமை என்னும் பெயருடைய ஒருவன் வான்நகரின் வாயில் வரை வந்துவிடுகிறான். உரிய வாயில் வழியே வாராதவன்; கையில் சான்றுச்சுருளும் இல்லை. வாயிலிலிருந்தே அவன் கைகால் கட்டப்பட்டு நரகிற்கு அனுப்பப்படுகிறான். அலுவலகத்தில் நாள்தோறும் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் எழுத்தர் தொழிலினர் நாம். ஆவணம் இன்மையால் திரும்பிச் செல்பவரின் முகம் எத்தகையது என்பதை அறிவோம். வான்நகரின் வாயிலும் அத்தகைய சாளரந்தானோ என்று அவ்விடத்தில் நெஞ்சம் தடுமாறுகிறது. நம் பக்கத்து வீட்டில் விளக்கேற்றி வணங்கும் அன்னையார் நம் குழந்தையின் காய்ச்சலுக்கு இரவெல்லாம் விழித்திருந்தவர். அவரை அவ்வாயிலில் நிறுத்திப் பார்க்க நம்மால் இயலவில்லை.

இங்கே கிருஷ்ணபிள்ளைக்கு ஓராண்டு முன்னர், 1826இல் பிறந்த மற்றொரு கிறித்தவத் தமிழரை நினைத்தல் தகும். அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணி தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, மாவட்ட முன்சீபாக உயர்ந்தவர். முதல் தமிழ் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) படைத்தவர். அவர் தம் கத்தோலிக்க நம்பிக்கையில் உறுதியாக நின்றே, எச்சமயத்தாரும் பாடத்தக்க 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' இயற்றினார். 1876–78இன் பெரும் பஞ்சத்தில் தம் பொருளை வாரி வழங்கினார். அவரைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டாற் போற்றினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய சைவர் ஒரு கிறித்தவ முன்சீபைப் பாடியதற்கு, சமயவாதம் காரணமன்று. பசித்தோர்க்கு இட்ட சோறே காரணம்.

கிருஷ்ணபிள்ளை தாம் கண்ட வழி ஒன்றே என்று உறுதியாக வாதிட்டவர். 1898இல் வந்த 'இரட்சணிய சமய நிர்ணயம்' அதற்குச் சான்று. வேதநாயகரோ வழியைப் பற்றி வாதிடாது, வழியிற் கண்டவர்க்கெல்லாம் நிழல் தந்தவர். ஒருவரைக் கொண்டு மற்றவரைத் தள்ளிவிடுதல் நமக்கு உடன்பாடன்று. உறுதியற்ற சமரசம் கொள்கையின்மையாக முடியும். சமரசமற்ற உறுதி அயலானை வாயிலில் கட்டிப்போடும். இவ்விருவரும் ஒரே தலைமுறையில், ஒரே மொழியில், ஒரே ஆண்டவரைப் பற்றிப் பாடினர் என்பதே நமக்குப் பாடமாகும்.

இத்தீவுகளின் வரலாற்றிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1890களில் கார் நிக்கோபாரின் முஸ் என்னும் ஊரில் குடியேறிப் பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமோன் என்னும் உபதேசியார். அவர் எழுதிய நாட்குறிப்புகள் மானிடவியலாராலும் மதித்து வெளியிடப்பட்டன. அவரிடம் பயின்ற சிறுவனே பின்னர் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் ஆனார். நிக்கோபார் மொழியில் புதிய ஏற்பாட்டைப் பெயர்த்தவரும், 1952இல் முதல் மக்களவையில் இத்தீவுகளின் உறுப்பினராக நியமனம் பெற்றவரும் அவரே. பெற்றவன் பெறாதவனுக்கு வழிகூறும் ஆற்றுப்படை ஏட்டில் மட்டும் நிற்காது, கடல் நடுவே ஓர் ஊரிலும் நிகழ்ந்திருக்கிறது.

விட்டுச் செல்லப்பட்டவர்கள்

இறுதியாக, நம் குடும்பங்களைத் தொடும் ஒரு குறை. பனியனின் முதற்பாகத்தில் யாத்திரிகன் தன் மனைவியையும் மக்களையும் விட்டுவிட்டு ஓடுகிறான். அவர்கள் பின்னின்று கூவ, அவன் காதைப் பொத்திக்கொண்டு விரைகிறான். பிழைப்பிற்காகக் குடும்பத்தை ஊரில் விட்டுக் கப்பலேறிய தந்தையரின் மக்கள் இவ்விடத்தை அமைதியாகக் கடந்து செல்ல முடியாது. ஆன்மாவின் விடுதலை தனியாள் ஒருவனின் கருமந்தானா? பின்னின்று கூவியவர்களின் கதி யாது?

இவ்வினா பனியனையும் உறுத்தியது போலும். 1684இல் அவர் இரண்டாம் பாகம் எழுதி, அம்மனைவியும் மக்களும் அதே வழியில் புறப்படுவதைக் கூறினார். இரண்டாம் பாகத்தின் நடை வேறு. குழந்தைகளுக்கு ஏற்ற வேகத்தில் செல்கின்றனர். நோயுற்றோரும் ஊன்றுகோலுடையோரும் சேர்ந்துகொள்கின்றனர். வழியிலேயே திருமணங்கள் நடக்கின்றன. கிருஷ்ணபிள்ளை முதற்பாகத்தையே பாடுபொருளாகக் கொண்டார். ஆதலால் தமிழ் யாத்திரிகன் தனியனாகவே நின்றுவிட்டான். இது பெருங்குறையே.

ஆயினும் அவ்விடத்தை நிரப்பும் நூல் தமிழில் அதற்கு முன்னரே இருந்தது என்பதை மறத்தலாகாது. இத்தாலியிலிருந்து வந்து தமிழரான வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய 'தேம்பாவணி' 3615 பாடல்களையுடைய பெருங்காப்பியம். அதன் தலைவன் வளன் எனப்பெறும் சூசை. அவன் மனைவியையும் குழந்தையையும் விட்டு ஓடியவனல்லன். கொடுங்கோல் அரசனுக்கு அஞ்சி அவ்விருவரையும் அழைத்துக்கொண்டு அயல்நாடாகிய எகிப்துக்குச் சென்றவன். தச்சுத்தொழில் செய்து அவர்களைக் காத்தவன். பெருஞ்சொற்பொழிவு ஆற்றியவனல்லன்; நற்செய்தி நூல்கள் அவன் வாயில் ஒரு சொல்லைக்கூட வைக்கவில்லை. புலம்பெயர்ந்த நாட்டில் மனைவி மக்களோடு உழைத்து வாழும் தொழிலாளி ஒருவன் காப்பியத் தலைவனாகலாம் என்று தமிழில் முன்னமே காட்டப்பட்டுவிட்டது. இரட்சணிய யாத்திரிகத்தின் தனி வழிப்போக்கனையும் தேம்பாவணியின் குடும்பத் தலைவனையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பார்க்கே கிறித்தவத் தமிழ் இலக்கியம் முழுமையாக விளங்கும் என்பது நம் கருத்து. நம் சங்கத்து நூலகம் இவ்விரண்டையும் உரையோடு வாங்கி வைத்தல் நன்று. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் படித்துக் காட்டுதல் அதனினும் நன்று.

பாலம் இல்லாத ஆறு

யாத்திரையின் முடிவில் ஓர் ஆறு உண்டு. அதற்குப் பாலம் இல்லை. செல்வனுக்கும் ஏழைக்கும், கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் அதனைக் கடக்க வேறு வழியும் இல்லை. கடப்பவனின் நம்பிக்கைக்கு ஏற்ப அதன் ஆழம் கூடியும் குறைந்தும் தோன்றும் என்கிறார் பனியன். நெடுந்தொலைவு துணிவோடு வந்த யாத்திரிகனே அங்கே மூழ்கத் தொடங்குகிறான். அப்போது அருகில் வந்த துணைவன் அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்து, அடியில் தரை தட்டுகிறது என்று கூறித் தேற்றுகிறான்.

வாழ்வின் பெருவினாக்களுக்கு இக்காப்பியமும் அதன் மூலமும் தரும் விடைகளுள் நமக்கு மிக உறுதியாகத் தோன்றுவது இச்சிறு நிகழ்ச்சியே. எங்கிருந்து வந்தோம் என்பதில் அறிஞர் வேறுபடலாம். எங்கே போகிறோம் என்பதில் சமயங்கள் வேறுபடலாம். நீரில் மூழ்குபவனின் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. ஆழிப்பேரலைக்குப் பின் போர்ட் பிளேரின் முகாம்களில் - 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய இதே நகரில் - சோறு வடித்தவரும் துணி பகிர்ந்தவரும் பிள்ளையை மடியிலிட்டுத் தேற்றியவரும், தம் எதிரே இருந்தவரின் சமயத்தைக் கேட்டுக்கொண்டு செய்தாரில்லை. கிருஷ்ணபிள்ளை பாடிய அன்பின் பிணிப்பு அதுவேயாகும். அப்பிணிப்பு உள்ளவரை, சுமை இறங்கும் என்று அப்பெரும்புலவர் பாடியதை நாமும் நம்பி நடக்கலாம்.